‘போதும், இனி கொண்டுவர வேண்டாம்!’ - காணிக்கையை நிறுத்தச் சொன்ன திருப்பணி

கோபிசெட்டிபாளையத்தில் அறுவடை முடிந்து, நெல் காசாகி வீட்டுக்கு வந்த கையோடு இன்னொன்றும் வீடு தேடி வரும். ரசீது புத்தகம்!

கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் சுமார் 24,500 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. விளைந்ததில் சாமிக்கு ஒரு பங்கு என்பது இந்த மண்ணில் யாரும் சொல்லித் தர வேண்டிய பாடம் இல்லை. கோயில் கும்பாபிஷேகமோ, தேவாலயத்துக்குப் புதுக் கட்டடமோ, பள்ளிவாசல் விரிவாக்கமோ... கமிட்டிக்காரர்கள் நான்கு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். கூடவே, ‘இல்லை’ என்று சொல்ல முடியாத ஒரு பெரியவரும் இருப்பார்.

அப்போது வீட்டுக்குள் நடக்கிற பேச்சு, எந்த மதத்து வீடாக இருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

“ஏனுங்க, எத்தன எழுதறீங்க?”

“ரெண்டாயிரம் எழுதலாம்னு பாக்கறேன்.”

“எதுத்த ஊட்டுல அஞ்சாயிரம் எழுதியிருக்காங்களாமா. நாம ரெண்டு எழுதுனா நல்லாவா இருக்கும்?”

“அம்மாவோட கண் ஆபரேசனுக்கு வெச்சிருக்கறதுல இருந்துதான் எடுக்கோணும்...”

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வரும். “சாமி காரியம் கண்ணு, கொடுத்துரு. என்ற கண்ண அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

எவ்வளவு கொடுப்பது? யாருடைய பங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பது? கொடுத்த பிறகு அது என்ன ஆகிறது? இந்த மூன்று கேள்விகளும் இன்று நேற்று வந்தவை அல்ல. பைபிளின் பக்கங்களில் கூடாரம் ஒன்றுக்கும் ஆலயம் ஒன்றுக்கும் மக்கள் அள்ளி அள்ளிக் கொடுத்த கதைகள் நிறைய உண்டு. அவற்றை வரிசையாகப் படித்தால், கொடுத்தவர்களைப் பற்றி மட்டும் அல்ல, வாங்கியவர்களைப் பற்றியும் பைபிள் கறாராகப் பேசுவது தெரியும்.

தோடு கழற்றிய கூட்டம்

எகிப்தில் அடிமைகளாக இருந்து விடுதலையான இஸ்ரவேல் மக்கள் பாலைவனத்தில் நடந்துகொண்டிருக்கிறார்கள். சொந்த ஊர் இல்லை, வயல் இல்லை, சுவர் வைத்த வீடு இல்லை. அந்த நிலையில்தான் கடவுளை வழிபட ஓர் இடம் அமைக்கும் வேலை தொடங்குகிறது. கல் கட்டடம் அல்ல. கழற்றி, மடித்து, தோளில் சுமந்து போகக்கூடிய கூடாரம். தமிழ் பைபிளில் அதற்கு ‘ஆசரிப்புக் கூடாரம்’ என்று பெயர்.

யாத்திராகமம் 35-ம் அதிகாரத்தில் மோசே மக்களைக் கூட்டிப் பேசுகிறார். ஆளுக்கு இவ்வளவு என்று அவர் தொகை சொல்லவில்லை. மனம் உள்ளவர்கள் கொண்டுவரலாம் என்கிறார். அவ்வளவுதான். கூட்டம் கலைகிறது. கொஞ்ச நேரத்தில் ஆண்களும் பெண்களுமாகத் திரும்பி வருகிறார்கள். காப்பு, தோடு, மோதிரம், ஆரம் எல்லாம் கழற்றி வைக்கிறார்கள். தங்கம் இல்லாதவர்கள் வெள்ளியும் வெண்கலமும் கொண்டுவருகிறார்கள். அதுவும் இல்லாதவர்கள் மரம், ஆட்டுத்தோல், நூல் கொண்டுவருகிறார்கள். நூற்கத் தெரிந்த பெண்கள் ஆட்டு மயிரைத் திரித்துத் தருகிறார்கள். பொருள் இல்லாவிட்டால் என்ன, கைவேலையும் காணிக்கைதான்.

வேலைக்குப் பொறுப்பு பெசலெயேல், அகோலியாப் என்ற இரண்டு கைவினைஞர்கள். காலைதோறும் பொருள் வந்து குவிகிறது. ஒரு கட்டத்தில் வேலை செய்கிறவர்கள் தங்கள் வேலையை அப்படியே போட்டுவிட்டு மோசேயிடம் வந்து நிற்கிறார்கள். தேவைக்கு மேல் வந்துவிட்டது, இன்னமும் வந்துகொண்டே இருக்கிறது என்கிறார்கள்.

மோசே என்ன செய்தார்? முகாம் முழுக்கத் தண்டோரா போடச் சொன்னார். ஆணோ பெண்ணோ, இனி யாரும் காணிக்கைக்காக எதுவும் செய்ய வேண்டாம் என்று அறிவிப்பு. மக்கள் நிறுத்தினார்கள். இது யாத்திராகமம் 36-ல் இருக்கிறது.

கொடுக்கிற கை நீண்டிருக்கும்போதே வாங்குகிற கை மடங்கிக்கொண்டது. ‘வரட்டுமே, மிச்சத்தில் சுற்றுச்சுவர் கட்டலாம், முன்னால் ஓர் அலங்கார வளைவு வைக்கலாம்’ என்று அங்கே யாரும் சொல்லவில்லை. காணிக்கை என்றால் இந்தக் கதையில் மக்களின் தாராளத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அந்த ‘போதும்’ என்ற சொல்லைப் பற்றிப் பேசுவது குறைவு.

இன்னொன்றும் இதே புத்தகத்தில் இருக்கிறது. சில அதிகாரங்களுக்கு முன்னால், இதே மக்கள் இதே மாதிரி காதணிகளைக் கழற்றிக் கொடுத்திருந்தார்கள். அது பொன் கன்றுக்குட்டி செய்வதற்காக! அப்போதும் யாரும் தயங்கவில்லை. கேட்டவுடன் கொடுத்தார்கள். அள்ளிக் கொடுப்பது மட்டுமே ஒரு செயலை நல்லதாக்கிவிடாது என்பதை பைபிள் பொன் கன்றுக்குட்டியை வைத்தே சொல்லிவிடுகிறது.

தலைக்கட்டு வரியும் தாராளக் காணிக்கையும்

கூடாரம் முடிகிற நேரத்தில் யாத்திராகமம் 38-ம் அதிகாரம் ஒரு வரவு செலவு அறிக்கையாக மாறிவிடுகிறது. கணக்கு எழுதும் பொறுப்பு ஆரோனின் மகன் இத்தாமாருக்கு. பொன் 29 தாலந்து, 730 சேக்கல். இன்றைய எடையில் ஏறக்குறைய ஒரு டன். வெள்ளி 100 தாலந்து, 1,775 சேக்கல். வெண்கலம் 70 தாலந்து, 2,400 சேக்கல். எந்த உலோகம் எதற்குப் போனது என்பதையும் அந்த அதிகாரம் சொல்கிறது.

வெள்ளிக் கணக்கில் ஒரு சுவாரசியம் உண்டு. அது விரும்பிக் கொடுத்த காணிக்கை அல்ல, ஆளுக்கு அரை சேக்கல் என்று வாங்கிய தலைவரி. 20 வயதைத் தாண்டிய ஆண்கள் 6,03,550 பேர். ஆளுக்கு அரை என்றால் 3,01,775 சேக்கல். ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல். வகுத்துப் பாருங்கள்... 100 தாலந்து, மிச்சம் 1,775. கணக்கு அப்படியே பொருந்துகிறது. பணக்காரன் அதிகம் கொடுக்கக் கூடாது, ஏழை குறைக்கக் கூடாது என்பது இந்த வரிக்கான விதி.

கொங்கு கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மாரியம்மன் நோன்பு என்றால் முதலில் பேசுவது தலைக்கட்டு வரி. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் கூடி முடிவு செய்யும். தோட்டக்காரருக்கும் ஒரே தொகை, கூலிக்காரருக்கும் ஒரே தொகை. ‘இது நம்ம கோயில்’ என்று எல்லோரும் சம உரிமையோடு சொல்ல முடிவது அதனால்தான். அதற்கு மேல் உபயம் செய்வது அவரவர் வசதி, அவரவர் மனது.

பாலைவனக் கூடாரத்திலும் இதே ஏற்பாடு. சம வரியாக வந்த வெள்ளி எங்கே போனது தெரியுமா? கூடாரத்தைத் தாங்கும் பாதங்களுக்கு. 100 தாலந்தில் 100 பாதங்கள் வார்த்தார்கள். கண்ணைப் பறிக்கும் பொன் வேலைப்பாடு வசதி உள்ளவர்கள் கொடுத்ததாக இருக்கலாம். ஆனால், அந்தக் கூடாரம் நின்றது எல்லோரும் சமமாகக் கொடுத்த அரை சேக்கலின் மேல்.

வாசலில் ஊழியம் செய்த பெண்கள் தங்கள் முகம் பார்க்கும் கண்ணாடிகளைக் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக் கண்ணாடி என்பது பளபளப்பாகத் தேய்த்த வெண்கலத் தகடு. அதை உருக்கி, குருமார்கள் கைகால் கழுவும் தொட்டி செய்தார்கள் என்று ஒரு வரி அந்த அதிகாரத்தில் இருக்கிறது. கொடுத்தவர்களின் பெயர் இல்லை. கொடுத்த பொருள் மட்டும் பதிவாகியிருக்கிறது. டியூப் லைட் கொடுத்துவிட்டு வெளிச்சமே மறைகிற அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதும் நமக்கு, அந்தப் பெயர் இல்லாத ஒரு வரி கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

இலவசமாகக் கிடைத்த களம் வேண்டாம்

கூடாரத்துக்குப் பிறகு பல நூற்றாண்டுகள் கழித்து எருசலேமில் கல் ஆலயம் எழுகிறது. அதைக் கட்டியது சாலொமோன் ராஜா. அது எழுந்த இடம் எது என்றால், கோபிக்காரர்களுக்கு மிகவும் பழக்கமான ஒன்று. நெல்லடிக்கிற களம் மாதிரி, கோதுமை போரடிக்கிற களம்!

சாலொமோனின் தந்தை தாவீது காலத்தில் நாட்டில் கொள்ளை நோய். அது நின்ற இடத்தில் பலிபீடம் கட்ட வேண்டும். அந்த இடம் அர்வனா என்ற விவசாயியின் களம். ராஜாவே வந்து நிற்கிறார் என்றதும் அர்வனா ஓடி வந்து வணங்குகிறார். களத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பலி கொடுக்க மாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள், விறகுக்குப் போரடிக்கிற உருளைகளையும் நுகத்தடியையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். எல்லாமே இலவசம்.

தாவீது மறுத்துவிடுகிறார். தனக்கு எந்தச் செலவும் வைக்காத ஒன்றைக் கடவுளுக்குக் கொடுக்க மாட்டேன் என்பது அவர் சொன்ன பதில். 50 சேக்கல் வெள்ளி கொடுத்துக் களத்தையும் மாடுகளையும் வாங்கினார் என்கிறது 2 சாமுவேல் 24.

இதை இரண்டு பக்கமும் பார்க்கலாம். காணிக்கை என்றால் கொடுக்கிறவருக்குக் கொஞ்சமாவது வலிக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். அதிகாரத்தில் இருப்பவர் தன் பக்திக்காக ஒரு விவசாயியின் களத்தைச் சும்மா வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது மறுபக்கம். மாடு கட்டிப் போரடித்த காலத்தைப் பார்த்த பெரியவர்களைக் கேட்டால் தெரியும். களமும் மாடும் போனால் விவசாயிக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

துளை போட்ட பெட்டி

ஆலயம் கட்டியாகிவிட்டது. பராமரிப்பு? அங்கேதான் சிக்கல் வருகிறது. யோவாஸ் என்ற ராஜா, ஆலயத்தைப் பழுது பார்க்க மக்கள் கொடுக்கும் பணத்தைக் குருமார்களே வாங்கி, வேலையையும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார். அவர் ஆட்சியின் 23-ம் ஆண்டு வரை பழுது பார்க்கப்படவே இல்லை.

ராஜா கூப்பிட்டுக் கேட்டார். அதன் பிறகு தலைமைக் குரு யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துளை போட்டு, பலிபீடத்துக்குப் பக்கத்தில், உள்ளே நுழைகிறவர்களுக்கு வலது பக்கமாக வைத்தார். நம் ஊர் உண்டியலேதான்!

பெட்டி நிறைந்ததும் ஒருவர் மட்டும் திறக்கவில்லை. அரசாங்கத்தின் எழுத்தரும் தலைமைக் குருவும் சேர்ந்து வந்து எண்ணினார்கள். பையில் கட்டி நேராகத் தச்சர்களுக்கும் கொத்தர்களுக்கும் கல்வெட்டுகிறவர்களுக்கும் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் வெள்ளிக் கிண்ணமோ பொன் பாத்திரமோ செய்யவில்லை, பழுது பார்க்க மட்டுமே செலவானது என்று 2 இராஜாக்கள் 12-ம் அதிகாரம் தனியாகக் குறிப்பிடுகிறது. இன்று தமிழ்நாட்டுக் கோயில்களில் அறநிலையத் துறை அதிகாரிகள் முன்னிலையில் உண்டியல் எண்ணுவதைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் காட்சி பரிச்சயமானதாக இருக்கும்.

மக்கள் கொடுக்க மறுத்ததால் அந்த ஆலயம் பழுதடையவில்லை. கொடுத்தது சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. வழி சரியானதும் பெட்டி நிறைந்தது. நம்பிக்கையும் ஒரு வகையில் பூட்டும் துளையும் உள்ள பெட்டிதான்.

இரண்டு காசும், விழுங்கப்பட்ட வீடும்

பைபிள் காணிக்கைக் கதைகளில் உலகமே அறிந்தது, ஏழை விதவை போட்ட இரண்டு காசு. இயேசு எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆலயத்தில் எக்காளம் போல வாய் அமைந்த 13 பெட்டிகள் இருந்ததாக யூத மரபு நூலான மிஷ்னா சொல்கிறது. செல்வந்தர்கள் நிறையப் போடுகிறார்கள். ஓர் ஏழை விதவை வந்து இரண்டு சிறு காசுகளைப் போடுகிறார்.

எவ்வளவு சின்னத் தொகை அது? அன்றைய ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம். அந்த இரண்டு காசும் சேர்ந்து அதில் 64-ல் ஒரு பங்கு. இன்று ஒருவருக்கு நாள் கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த அம்மா போட்டது 10 ரூபாய். ஆனால், அவரிடம் இருந்ததே அவ்வளவுதான். மற்றவர்கள் மிச்சத்திலிருந்து போட்டார்கள், இவர் தன் பிழைப்பு முழுவதையும் போட்டுவிட்டார் என்று சீடர்களிடம் சொல்கிறார் இயேசு. தொகையை அளக்கக் கூடாது, கொடுத்த பிறகு கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த அளவுகோல் உலகத்தின் எல்லா உபயப் பலகைகளையும் தலைகீழாக்கிவிடும்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் மாற்கு 12-ம் அதிகாரத்தில் இதற்கு ஒரு படி மேலே போய்ப் பாருங்கள். விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு, நீண்ட ஜெபம் செய்கிற வேதபாரகர்களை இயேசு அப்போதுதான் கண்டித்து முடித்திருக்கிறார். அடுத்த காட்சியில் ஒரு விதவை வருகிறார், கையிருப்பு முழுவதையும் போடுகிறார். அடுத்த அதிகாரம் தொடங்கியதும், இந்த ஆலயத்தில் ஒரு கல்லின் மேல் ஒரு கல் மிஞ்சாது என்கிறார் இயேசு. கி.பி. 70-ல் ரோமானியப் படை அந்த ஆலயத்தை இடித்தது.

மூன்றையும் சேர்த்துப் படித்தால், அந்த விதவைக்குக் கிடைப்பது பாராட்டு மட்டும்தானா என்ற கேள்வி வரும். பைபிளைப் படித்து ஆராய்கிறவர்களிலும் சிலர் அங்கே ஒரு வருத்தத்தைக் கேட்கிறார்கள். அந்த அம்மாவின் மனது பெரியது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால், கடைசிக் காசையும் போட்டுவிட்டுப் போகிற ஒருவரைப் பார்த்து, ‘அம்மா, போதும்’ என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. பாலைவனத்தில் இருந்த அந்தச் சொல் பளிங்கு ஆலயத்தில் காணாமல் போயிருந்தது.

‘கொர்பான்’ என்ற சாக்கு

அதே மாற்கு நற்செய்தியின் 7-ம் அதிகாரத்தில் இன்னும் வெளிப்படையாக ஒரு பேச்சு உண்டு. அன்று ‘கொர்பான்’ என்று ஒரு வழக்கம் இருந்தது. கொர்பான் என்றால் கடவுளுக்கு என்று ஒதுக்கிய காணிக்கை. பெற்றோருக்குப் போக வேண்டியதை ஒருவர் ‘இது கொர்பான்’ என்று அறிவித்துவிட்டால் போதும். அதன் பிறகு அப்பா அம்மாவுக்கு அதிலிருந்து எதுவும் செய்ய வேண்டியதில்லை. இயேசு இதைக் கடுமையாகச் சாடுகிறார். தாய் தகப்பனை மதிக்க வேண்டும் என்ற கட்டளையை, ஒரு சம்பிரதாயத்தை வைத்து இல்லாமல் ஆக்கிவிட்டீர்கள் என்கிறார்.

தாயின் கண் ஆபரேசனுக்கு வைத்த பணத்தை எடுத்துக் கட்டட நிதிக்கு எழுதலாமா என்ற கேள்விக்கு, இதைவிட நேரான பதில் கிடைக்காது. ‘பரவால்ல கண்ணு’ என்று அம்மா சொல்வார். அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதற்காக அது அவருடைய காணிக்கை ஆகிவிடாது.

மத்தேயு 5-ல் வரும் இன்னொரு வார்த்தை கொங்கு மண்ணுக்கென்றே சொன்னது போல இருக்கும். காணிக்கையோடு பலிபீடம் வரை வந்துவிட்டாய், அப்போது உன் சகோதரனுக்கு உன் மேல் குறை இருப்பது நினைவு வருகிறது என்றால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ. முதலில் அவனோடு சமாதானமாகு, பிறகு வந்து செலுத்து என்கிறார் இயேசு. வரப்புத் தகராறிலும் பொதுக்கிணற்று முறைத் தண்ணீரிலும் பத்து வருடமாகப் பேசாத பங்காளிகள் ஒரே கோயிலுக்குத் தனித்தனியாக உபயம் செய்வதை இங்கே எத்தனை ஊரில் பார்க்கிறோம்!

பவானிக் கட்டிலும் கப்பர்நகூம் ஆலயமும்

கோபியிலிருந்து பவானி ஆற்றோடு கிழக்கே போனால், அது காவிரியில் கலக்கும் இடத்தில் சங்கமேஸ்வரர் கோயில் இருக்கிறது. அங்கே அம்பாள் வேதநாயகிக்குத் தந்தத்தில் செய்த கட்டில் ஒன்று உண்டு. கொடுத்தவர் வில்லியம் கேரோ. அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆங்கிலேயக் கலெக்டர். ஆண்டு 1804.

அதற்கு ஊரில் வழிவழியாகச் சொல்லும் கதை இது. மழை கொட்டும் ஓர் இரவு. தூங்கிக்கொண்டிருந்த கலெக்டரை ஒரு சிறுமி எழுப்பி வெளியே கூட்டி வருகிறாள். அவர் வெளியே வந்ததும் பங்களா இடிந்து விழுகிறது. சிறுமியைக் காணோம். வந்தது வேதநாயகி அம்மன்தான் என்று நம்பிய அவர், நன்றிக்கு அந்தக் கட்டிலைக் கொடுத்தார். அவர் கோயிலுக்குள் போக முடியாது என்பதால், வெளியிலிருந்து அம்மனைப் பார்க்க மதில் சுவரில் துளைகள் போட்டதாகவும் சொல்வார்கள்.

வேறு நாட்டிலிருந்து ஆள வந்தவர், வேறு மதம், ஆனால் உள்ளூர் மக்களின் வழிபாட்டுக்குக் காணிக்கை! பைபிளிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். லூக்கா 7-ல் வரும் நூற்றுக்கு அதிபதி. ரோமானிய அதிகாரத்தின் படைத்தலைவர், யூதர் அல்ல. கப்பர்நகூம் ஊரில் யூதர்களுக்கு ஒரு ஜெப ஆலயம் கட்டிக் கொடுத்தவர்.

அவருடைய வேலைக்காரர் சாகக் கிடக்கிறார். யூதப் பெரியவர்கள் இயேசுவிடம் போய் அவருக்காகப் பரிந்து பேசுகிறார்கள். இவர் தகுதியானவர், நம் மக்களை நேசிக்கிறார், நமக்கு ஜெப ஆலயம் கட்டித் தந்தவர் என்கிறார்கள். ஆனால் அந்த அதிகாரி சொல்லி அனுப்பிய செய்தி வேறு. நீர் என் வீட்டுக்குள் வர நான் தகுதி இல்லாதவன், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிறார். ஆலயம் கட்டியதை ஊர் சொல்கிறது, அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொடுத்ததை வைத்து முதல் மரியாதையோ, பரிவட்டமோ, முன் வரிசை நாற்காலியோ கேட்காத ஆள். இப்படி ஒரு நம்பிக்கையை இஸ்ரவேலிலும் பார்த்ததில்லை என்று இயேசு வியந்தது இந்த மனிதரைத்தான்.

ஒரு பிடி அரிசி

ரொக்கம் இல்லாதவர்கள் எப்படிக் கொடுப்பது? அதற்கு நம் பக்கத்துப் பதில் பிடி அரிசி. உலை வைக்கும்போது சாமிக்கு என்று ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைக்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் பல காலமாக உண்டு. மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவப் பெண்கள் 1910 வாக்கில் இதையே ஒரு ஏற்பாடாகத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசி தேவாலயத்துக்கு. இன்று வரை தொடரும் அந்தப் பிடி அரிசியில் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் நிதி சேர்கிறது.

இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரான வே.ச. அசரியா நம் தென் தமிழ்நாட்டுக்காரர். 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912-ல் பேராயராகி, இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணகலில் பணியாற்றினார். அவருடைய சபையில் பெரும்பாலோர் நிலமில்லாத, தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான கூலி மக்கள். அங்கே எழுந்த பேராலயம் 1939-ல் திறக்கப்பட்டது. கோயில் கலையும் மசூதிக் கலையும் தேவாலயக் கலையும் கலந்த கட்டடம் அது. காணிக்கை பற்றி அசரியா தனியாக ஒரு புத்தகமே எழுதினார். ஏழைகளிடம் வாங்கக் கூடாது என்று அவர் நினைக்கவில்லை. கொடுக்கிற மரியாதை ஏழைக்கும் உண்டு என்பது அவர் எண்ணம். அந்த மரியாதையைக் காப்பாற்றுகிற கடமை வாங்குகிறவர்களுடையது.

கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் 8-ம் அதிகாரத்தில் பவுல் இந்த இரண்டையுமே சொல்லிவிடுகிறார். ஒருவரிடம் இருப்பதற்கு ஏற்றபடிதான் காணிக்கை, இல்லாததற்கு ஏற்றபடி அல்ல. அடுத்து, நிதியை எடுத்துச் செல்லும் விஷயத்தில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று, சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களையும் கூடவே அனுப்புகிறார்.

திரும்பவும் அந்த வாசலுக்கு வருவோம். கமிட்டிக்காரர்கள் மோர் குடித்து முடித்துவிட்டார்கள். ரசீது புத்தகம் திறந்தே இருக்கிறது.

“எத்தனைங்க எழுதட்டும்?”

வீட்டுக்காரர் உள்ளே திரும்பிப் பார்க்கிறார். மனைவி சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி நீட்டுகிறார்.

“ஆயிரம் எழுதிக்கச் சொல்லுங்க. இது நம்ம செலவுல இருந்து மிச்சம் புடிச்சது. அந்தப் பீரோப் பணத்தத் தொட வேண்டாம். வெள்ளிக்கிழம அம்மாவக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போலாம்.”

பெரியவர் ஒரு நொடி யோசிக்கிறார். எதிர் வீட்டுக்காரர் எவ்வளவு எழுதினார் என்று எடுத்துச் சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் விட்டுவிடுகிறார்.

“போதும்மா, இது போதும்” என்று ரசீதைக் கிழித்துக் கொடுக்கிறார்.